எலெக்ட்ரானா, மியூவானா? மீசான் சிதைவுகளிடம் கேட்ட ஒரு கேள்வி

(பொது அறிவியல் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். பையான் என்றொரு துகள். ஒரு விநாடியை நூறு கோடித் துணுக்குகளாக நறுக்கினால் அதில் 26 துணுக்கு நேரம்தான் அதன் சராசரி ஆயுள். அதற்குள் உடைந்து வேறு துகள்களாகிவிடும். நேர்மின் பையான் உடைவதற்கு முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று, மியூவானும் நியூட்ரினோவும். மற்றது, எலெக்ட்ரானும் நியூட்ரினோவும். (நேர்மின் என்பதால் அது பாசிட்ரான், பேச்சு வசதிக்காக இன்று முழுக்க எலெக்ட்ரான் என்றே சொல்லப்போகிறேன். இயற்பியல் ஆசிரியர்கள் யாராவது இருந்தால் பொறுத்தருள வேண்டும்.)

மியூவான், எலெக்ட்ரானின் அண்ணன். மின்னூட்டம் ஒன்று, தற்சுழற்சி ஒன்று, குணம் ஒன்று. எடை மட்டும் சுமார் 207 மடங்கு. துகள்களின் நிறையையும் ஆற்றலையும் எம்இவி என்ற அலகில் அளப்பார்கள். பையானின் நிறை 140 எம்இவி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் மியூவானைச் செய்யவே 106 போய்விடும். கையில் மிஞ்சுவது 34. எலெக்ட்ரானைச் செய்ய அரை எம்இவி போதும், மிச்சமெல்லாம் ஓட்டத்துக்கு. எது சுலபமான வழி? எலெக்ட்ரான் வழிதான் என்று யாரும் சொல்வார்கள். நடப்பதோ தலைகீழ். பத்தாயிரம் பையான்கள் உடைந்தால் ஏறக்குறைய எல்லாமே மியூவான் வழியில் போகின்றன. எலெக்ட்ரான் வழியில் போவது ஒன்றே ஒன்று, அல்லது ஒன்றுக்குச் சற்று மேல்.

இது ஏன்? 1950-களின் இறுதியில் இந்தக் கேள்வி இயற்பியலை ஒரு உலுக்கு உலுக்கியது. அதே கேள்வி, வேறொரு மீசானின் பெயரில், 2021-இல் செய்தித்தாள்களின் முதல் பக்கம் வரை வந்தது. இரண்டு முறையும் என்ன நடந்தது என்பதுதான் இன்றைய பேச்சு. முதல் முறை சோதனை தவறு, கோட்பாடு சரி. இரண்டாம் முறை என்ன ஆனது என்பதைப் பிறகு பார்ப்போம்.

மீசான் என்றால் என்ன என்பதை இரண்டு வரியில் முடித்துக்கொள்கிறேன். ஒரு குவார்க்கும் ஒரு எதிர்க்குவார்க்கும் சேர்ந்த கூட்டு. புரோட்டானைப் போல நிலைத்து நிற்கும் மீசான் ஒன்றுகூடக் கிடையாது, எல்லாமே உடைகிறவை. ஆகவே மீசானைப் படிப்பது என்றால் அது உடைந்த பின் கிடக்கும் துண்டுகளைப் படிப்பதுதான். துண்டுகளின் வேகம், திசை, மின்னூட்டம் இவற்றைக் கூட்டிப் பார்த்து, உடைந்தது எது, எங்கே, எப்படி என்று பின்னோக்கிப் போக வேண்டும்.

இந்தப் பின்னோக்கிப் போகும் கலை எவ்வளவு எளிமையாகத் தொடங்கியது தெரியுமா? 1947-இல் பிரிஸ்டலில் சிசில் பாவெல், சேசர் லாட்டஸ், ஜுசெப்பே ஒக்கியாலினி ஆகியோர் புகைப்பட எமல்ஷன் பூசிய தகடுகளை மலையுச்சிகளில் வைத்து எடுத்துவந்தார்கள். மின்னூட்டமுள்ள துகள் எமல்ஷனுக்குள் போனால் வழியெங்கும் வெள்ளிக் குருணைகள் கருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் புள்ளிப் புள்ளியாக ஒரு கோடு. மெதுவாக வந்த துகள் ஒன்று ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. நின்ற இடத்திலிருந்து இன்னொரு கோடு கிளம்புகிறது. அந்த இரண்டாவது கோட்டை அளந்தால் சுமார் 0.6 மில்லிமீட்டர். அடுத்த தகட்டிலும் 0.6. அதற்கடுத்ததிலும் 0.6. ஒரே நீளம் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், புதிதாகப் பிறந்த துகள் ஒவ்வொரு முறையும் ஒரே ஆற்றலோடு பிறக்கிறது. நின்றுகொண்டிருக்கும் துகள் மூன்றாக உடைந்தால் ஆற்றல் பலவிதமாகப் பங்காகும். சரியாக இரண்டாக உடைந்தால் மட்டுமே பங்கு மாறாது. ஆக, கோடே போடாத இன்னொரு துண்டு எதிர்ப்பக்கம் ஓடியிருக்கிறது. பையான் உடைந்து மியூவானும் நியூட்ரினோவும் ஆவது இப்படித்தான், ஓர் அளவுகோலாலும் பொறுமையாலும், தெரியவந்தது.

போகிறபோக்கில் ஒன்று சொல்லியாக வேண்டும். பாவெலுக்குச் சில ஆண்டுகள் முன்பே, கல்கத்தாவைச் சேர்ந்த தேபேந்திர மோகன் போஸும் விபா சௌதுரியும் டார்ஜிலிங் பக்கத்து உயரங்களில் இதே மாதிரித் தகடுகளை வைத்து, மீசான் தடங்களை ஆராய்ந்து, 1941, 42-ஆம் ஆண்டுகளில் நேச்சர் இதழில் எழுதினார்கள். போர்க்காலம், தேவையான தரத்தில் தகடுகள் கிடைக்கவில்லை. வேலை அங்கேயே நின்றது. விபா சௌதுரியின் பெயர் நம் பாடப்புத்தகங்களில் இன்னும் சரியாக ஏறவில்லை என்பது என் வருத்தம்.

சரி, கேள்விக்குத் திரும்புவோம்.

1950-களின் நடுவில் கே-மீசான் என்ற இன்னொரு மீசான் ஒரு பெரிய தலைவலியாகியது. ஒரே நிறை, ஒரே ஆயுள் கொண்ட துகள் சில சமயம் இரண்டு பையான்களாகவும் சில சமயம் மூன்றாகவும் உடைந்தது. கண்ணாடியில் தெரியும் உலகமும் நிஜ உலகமும் ஒரே விதிப்படி நடக்கின்றன என்று அதுவரை எல்லோரும் நம்பியிருந்தார்கள். அந்த நம்பிக்கைப்படி ஒரே துகள் இரண்டு விதமாகவும் உடைய முடியாது. 1956-இல் கோட்பாட்டாளர்கள் லீயும் யாங்கும் கேட்டார்கள்: இந்தச் சிதைவுகளை நடத்தும் வலுகுறைந்த விசையில் இந்தக் கண்ணாடி விதியை யாராவது சோதித்துப் பார்த்திருக்கிறார்களா? யாரும் பார்த்திருக்கவில்லை. 1957 ஜனவரியில் வூ அம்மையாரின் குழு கோபால்ட் அணுக்கருவைக் கடுங்குளிரில் வைத்துச் சோதித்தது. கண்ணாடி விதி உடைந்திருந்தது. அதே நாட்களில் கொலம்பியாவில் லெடர்மன் குழு, பையானிலிருந்து மியூவான், மியூவானிலிருந்து எலெக்ட்ரான் என்ற சங்கிலியிலேயே அதைக் கண்டது. வலுகுறைந்த விசைக்கு இடது வலது பேதம் உண்டு.

அப்படியானால் அந்த விசையின் உருவம் என்ன? இங்கேதான் தாம்பரத்துக்கு ஒரு தொடர்பு வருகிறது. இ. சி. ஜி. சுதர்சன் கோட்டயம் பக்கத்துப் பள்ளத்தில் பிறந்தவர். தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். பின்னால் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். 1957-இல் அவர் அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் ராபர்ட் மார்ஷாக்கிடம் முனைவர் பட்ட மாணவர். அணுக்கருச் சிதைவு, மியூவான் சிதைவு, பையான் சிதைவு, கே-மீசான் சிதைவு என்று கையில் கிடைத்த எல்லாத் தரவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே ஒரு உருவம்தான் பொருந்த முடியும். அதற்கு வி மைனஸ் ஏ என்று பெயர். ஆனால் நான்கு சோதனைகள் அதற்கு நேர் எதிராக நின்றன.

அந்த நான்கில் ஒன்று நம் பையான். வி மைனஸ் ஏ சரியென்றால் பத்தாயிரத்தில் ஒரு பையான் எலெக்ட்ரான் வழியில் உடைய வேண்டும். சிகாகோவில் ஹெர்பர்ட் ஆண்டர்சனும் லாட்டஸும் தேடிப் பார்த்தார்கள். எதிர்பார்த்ததில் பத்தில் ஒரு பங்குகூடத் தென்படவில்லை. லாட்டஸ் யார் என்பதை நினைவில் வையுங்கள். பையானைக் கண்டுபிடித்த மூவரில் ஒருவர். அவரே தேடியும் இல்லை என்றால் இல்லைதானே?

இருபத்தாறு வயது மாணவர் சொன்ன பதில்: அந்த நான்கு சோதனைகளையும் திரும்பச் செய்யுங்கள். 1957 செப்டம்பரில் இத்தாலியில் நடந்த பதுவா-வெனிஸ் மாநாட்டில் மார்ஷாக்கும் சுதர்சனும் இதை முன்வைத்தார்கள். மாநாட்டுத் தொகுதி அச்சேறத் தாமதமானது. இடையில் ஃபைன்மனும் கெல்-மானும் இதே கோட்பாட்டை 1958 ஜனவரியில் ஃபிசிக்கல் ரிவ்யூவில் வெளியிட்டார்கள். பெயர் அவர்களுக்குப் போனது. கண்டுபிடித்தவர்கள் சுதர்சனும் மார்ஷாக்கும்தான் என்று ஃபைன்மன் பின்னாளில் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். நோபல் பட்டியலில் அது ஏறவில்லை. இந்தக் கதையை இதற்கு மேல் இழுக்க எனக்கு விருப்பமில்லை, கோபம்தான் வரும்.

சுதர்சன் ஏன் அவ்வளவு உறுதியாக இருந்தார் என்பதைப் பார்ப்போம். ஓடும் துகளின் தற்சுழற்சி அச்சு, அது ஓடும் திசையையே நோக்கியிருந்தால் அதை வலக்கைத் துகள் என்போம்; எதிர்த்திசையை நோக்கியிருந்தால் இடக்கை. பையானுக்குத் தற்சுழற்சி சுழி. நின்ற இடத்தில் உடைந்தால் இரு துண்டுகளும் எதிரெதிராக ஓட வேண்டும். இருவரின் சுழற்சியும் ஒன்றையொன்று கழித்துச் சுழியாக வேண்டும். இதற்கு ஒரே வழி, இரண்டும் ஒரே கையாக இருப்பது. நியூட்ரினோ இடக்கை, அதில் மாற்றமில்லை. ஆகவே எதிரே ஓடும் நேர்மின் துகளும் இடக்கையாகவே இருந்தாக வேண்டும். வலுகுறைந்த விசையோ, எதிர்த்துகளை வலக்கையாகத்தான் பெற்றெடுக்கும். முட்டல் இங்கேதான். பிறக்கும் துகளுக்கு நிறையே இல்லாவிட்டால் கதவு முழுக்க அடைபட்டுவிடும். நிறை இருந்தால், அந்த நிறைக்குத் தக்கபடி கதவு கொஞ்சம் திறக்கும். மியூவான் கனமானது, நன்றாகத் திறக்கிறது. எலெக்ட்ரான் இலேசானது, இம்மியளவு.

கணக்கும் எளிது. நிறை விகிதம் 207. அதன் வர்க்கம் ஏறக்குறைய 43,000. அவ்வளவு மடங்கு எலெக்ட்ரானுக்குப் பாதகம். மிஞ்சும் ஆற்றல் அதிகம் என்பதால் ஐந்தரை மடங்கு சாதகம். இரண்டையும் வகுத்தால் பத்தாயிரத்துக்கு 1.28. மின்காந்தத் திருத்தங்களைச் சேர்த்தால் 1.235. இதில் விசை எலெக்ட்ரானுக்கு ஓரவஞ்சனை செய்யவே இல்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு பேரையும் ஒரே மாதிரிதான் நடத்துகிறது. வித்தியாசம் முழுக்க எடையால் வந்தது. எலெக்ட்ரான், மியூவான் வகையறாவை லெப்டான்கள் என்பார்கள்; இந்தச் சமநடத்தைக்கு லெப்டான் பொதுமை என்று பெயர். இன்றைய பேச்சில் மனதில் நிறுத்த வேண்டிய சொல் இது ஒன்றுதான்.

இப்போது ஜெனீவா. செர்ன் நிறுவனத்தின் முதல் முடுக்கியான சிங்க்ரோசைக்ளோட்ரான் 1957-இல் ஓடத் தொடங்கியது. மறு ஆண்டே ஃபிதெகாரோ, மெரிசன் முதலியோர் அடங்கிய ஐவர் குழு பையானைப் பிடித்துப் பார்த்தது. இந்தச் சோதனையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும்.

பையான் ஒளிர்பொருள் கட்டிக்குள் வந்து நிற்கிறது. நிற்கும்போது ஒரு மின்னல்; ஆஸிலோஸ்கோப் திரையில் ஒரு கூம்பு எழுகிறது. வழக்கமான வழியில் போனால் அது மியூவானாகும். மியூவான் ஒன்றரை மில்லிமீட்டர்கூட ஓடாமல் அங்கேயே நிற்கும், இரண்டாவது கூம்பு. சற்று நேரம் கழித்து மியூவான் உடைந்து எலெக்ட்ரான் வெளியே பாயும், மூன்றாவது கூம்பு. தேடும் வழி அப்படியில்லை. பையான் நேரே எலெக்ட்ரான் ஆகிவிடுவதால் நடுக்கூம்பு இருக்காது, இரண்டே கூம்புகள். ஆற்றலும் வேறு. மியூவானிலிருந்து வரும் எலெக்ட்ரானுக்கு எவ்வளவு முயன்றாலும் 53 எம்இவிக்கு மேல் கிடைக்காது. பையானிலிருந்து நேரே வரும் எலெக்ட்ரானுக்குச் சரியாக 70. ஆக, தடுப்புகளை அடுக்கி 53-ஐத் தாண்டிய எலெக்ட்ரான்களை மட்டும் வெளியே விட்டு, திரையைப் படமெடுத்து, ஒவ்வொரு படத்திலும் கூம்புகளை எண்ணினார்கள். இரண்டு கூம்புப் படங்கள் கிடைத்தன. சுதர்சன் சொன்ன அளவுக்கே கிடைத்தன. விரைவிலேயே கொலம்பியா குழு பபிள் சேம்பரில் அதையே உறுதிசெய்தது. செர்னின் முதல் பெரிய கண்டுபிடிப்பு இதுதான்.

இன்று இந்த விகிதம் பத்தாயிரத்துக்கு 1.233 என்று, ஆயிரத்தில் இரண்டு பங்கு பிழைக்குள், அளக்கப்பட்டிருக்கிறது. கணிப்போடு பொருந்துகிறது. பழைய வெற்றியை ஏன் மேலும் மேலும் கூர்மைப்படுத்துகிறார்கள் என்று கேட்கலாம். பொதுமை என்பது இயற்கை எழுதிக்கொடுத்த பத்திரம் அல்ல. எலெக்ட்ரான், மியூவான், டாவ் என்று ஏன் மூன்று பிரதிகள் இருக்கின்றன என்பதற்கே காரணம் கிடையாது. மூன்றையும் வேறுபடுத்தும் கனமான புதுத்துகள் ஏதாவது எங்காவது இருந்தால், அதன் சாயல் இந்த மாதிரி விகிதங்களில்தான் முதலில் விழும். அந்தத் துகளை உண்டாக்கும் ஆற்றல் நம் முடுக்கிகளுக்கு இல்லாமல் போகலாம். ஆனால் குவாண்டம் விதிப்படி, அது உண்டாகாமலேயே ஒரு சிதைவின் நடுவில் புகுந்து கணக்கை மாற்றிவிட்டுப் போக முடியும். சிதைவு எவ்வளவு அரிதோ, அந்தத் தலையீடு அவ்வளவு தெளிவாகத் தெரியும்.

அதனால்தான் எல்லோரும் பி-மீசானுக்கு வந்தார்கள். பி-மீசானில் பாட்டம் குவார்க் இருக்கிறது. நிறை 5,279 எம்இவி, புரோட்டானைப் போல ஐந்தரை மடங்குக்கு மேல். அதன் நூற்றுக்கணக்கான சிதைவு வழிகளில் ஒன்று: பி உடைந்து ஒரு கே-மீசானும் இரண்டு மியூவான்களும். கோடிக்கு நாலைந்து முறை நடக்கிறது. இதன் மறுபாதி: கே-மீசானும் இரண்டு எலெக்ட்ரான்களும். பையானில் எடை பெரிய விஷயமாக இருந்தது. இங்கே ஐயாயிரம் எம்இவியின் முன்னால் நூறும் ஒன்றுதான், அரையும் ஒன்றுதான். ஆகவே முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் விடை 1 வர வேண்டும். நூற்றில் ஒரு பங்கு பிசகலாம். கோட்பாட்டுக்காரர்கள் இவ்வளவு சுத்தமாக ஒரு எண்ணைக் கையில் கொடுப்பது அபூர்வம்.

செர்னில் உள்ள 27 கிலோமீட்டர் வளையத்தின் ஒரு மூலையில், பூமிக்கு அடியில் சுமார் நூறு மீட்டரில், எல்எச்சிபி என்ற சோதனை இருக்கிறது. பி-மீசானுக்கென்றே கட்டியது. மோதும் இடத்திலிருந்து பி ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் ஓடி உடையும். அந்த ஒரு சென்டிமீட்டர் இடைவெளிதான் அதன் அடையாளம். அதைப் பார்க்க, சிலிக்கான் தகடுகளைப் புரோட்டான் கற்றைக்கு எட்டு மில்லிமீட்டர் அருகில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். கற்றை நிலைப்படும் வரை தகடுகள் ஒதுங்கி நிற்கும். நிலைப்பட்டதும் கிட்ட வரும்.

2014-இல் எல்எச்சிபி வெளியிட்ட விகிதம் 0.745. ஒன்று வர வேண்டிய இடத்தில் முக்கால். பிழை பெரிது, யாரும் துள்ளவில்லை. 2021 மார்ச்சில், அதிகத் தரவோடு, 0.846. விலகல் 3.1 சிக்மா, ஏதுமில்லாமல் தற்செயலாக இப்படி வருவதற்கு ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு. துகள் இயற்பியலில் மூன்று சிக்மாவுக்குச் சான்று என்று பெயர். கண்டுபிடிப்பு என்று சொல்ல ஐந்து வேண்டும், அதாவது சுமார் முப்பத்தைந்து லட்சத்தில் ஒன்று. வெளியில் இருப்பவர்களுக்கு இது வீண் பிடிவாதமாகத் தெரியும். ஆயிரத்தில் ஒன்று என்றால் எந்த நீதிமன்றமும் ஏற்கும். ஆனால் உலகெங்கும் ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கான விகிதங்களை அளந்துகொண்டிருக்கிறோம். அவற்றில் ஒன்றிரண்டு இப்படி வழுக்கத்தான் செய்யும்.

செய்தித்தாள்கள் இயற்கையின் புது விசை என்று எழுதின. கோட்பாட்டுக் கட்டுரைகள் மழையாகப் பெய்தன. லெப்டோகுவார்க் என்ற துகள் எல்லோர் வாயிலும் புகுந்தது. குவார்க்கையும் லெப்டானையும் ஒரே முடிச்சில் கட்டும் துகள் அது, மியூவானோடு ஒரு விதமாகவும் எலெக்ட்ரானோடு வேறு விதமாகவும் பழகக்கூடியது.

சோதனைக்காரர்களின் கவலை வேறு. மியூவானை அடையாளம் காண்பது சுலபம். எல்லாத் தடுப்புகளையும் ஊடுருவிக் கடைசிச் சுவர்வரை போவது அது ஒன்றுதான். எலெக்ட்ரான் அப்படியில்லை. வழியில் சிலிக்கானையோ உலோகத்தையோ கண்டால் உடனே ஒளிக்கதிர் உமிழ்ந்து ஆற்றலைத் தொலைத்துவிடும். சிந்திய ஆற்றலைத் தேடிப் பொறுக்கித் திரும்பக் கூட்ட வேண்டும், எல்லாமும் கிடைக்காது. ஆகவே மியூவான் பக்கம் பி-மீசானின் நிறை ஊசிமுனைச் சிகரமாக நிற்கும் இடத்தில், எலெக்ட்ரான் பக்கம் அது பரந்து சரிந்த மேடாக இருக்கும். எண்ணிக்கையும் மியூவானின் பாதிகூடத் தேறாது. பரந்த மேட்டுக்கு அடியில் வேறு எதுவும் ஒளிந்துகொள்ளலாம்.

இதற்கு அவர்கள் ஒரு சாமர்த்தியம் செய்திருந்தார்கள். ஜே-சை என்ற மீசான் எலெக்ட்ரான் இணையாகவும் மியூவான் இணையாகவும் சரிசமமாக உடைகிறது. இது பல சோதனைகளில் நிறுவப்பட்ட விஷயம். தங்கள் விகிதத்தை அந்த ஜே-சை விகிதத்தால் வகுத்துவிட்டார்கள். கருவியின் குறை இரண்டிலும் ஒன்றாக இருப்பதால் பெரும்பகுதி அடிபட்டுப்போகும். அழகான வழி. கருவி எலெக்ட்ரானை எவ்வளவு தவறவிடுகிறது என்ற கவலை இதனால் தீர்ந்தது. எலெக்ட்ரான் அல்லாததை எவ்வளவு உள்ளே விடுகிறது என்ற கவலை தீரவில்லை.

நெல்லும் பதரும் தூரத்தில் ஒரே நிறம், புடைத்தால்தான் தெரியும். இங்கே பதர் என்பது பையானும் கே-மீசானும். பி-மீசான் சில சமயம் வெறும் மீசான்களாகவே உடையும். அவற்றில் இரண்டு, கருவியின் கண்ணுக்கு எலெக்ட்ரான் வேடம் போட்டுவிடும். அது அரிதுதான். ஆனால் நாம் தேடுவதும் கோடிக்கு நாலைந்து. அரிதுக்கு அரிது எதிராளி.

2021-க்கும் 2022-க்கும் இடையில் எல்எச்சிபி குழு எலெக்ட்ரான் தேர்வைக் கடுமையாக்கிப் பார்த்தது. சல்லடையைச் சிறிதாக்கினால் விகிதம் அசையக்கூடாது. உண்மையான எலெக்ட்ரான்கள் குறைவது கணக்கில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. விகிதம் அசைந்தது. வேடதாரிகளின் எண்ணிக்கையைக் கணினி மாதிரியிலிருந்து எடுக்காமல், தரவிலிருந்தே நேராக அளந்தார்கள். நினைத்ததைவிட அதிகம் இருந்தன. அவை எலெக்ட்ரான் பக்கத்தைப் பொய்யாக ஊதியிருந்தன. கீழ்த்தொகை கூடினால் விகிதம் குறையும்தானே. 2022 டிசம்பரில் புதிய எண்கள் வந்தன: ஓர் ஆற்றல் பட்டையில் 0.994, இன்னொன்றில் 0.949. பிழைக்குள் இரண்டும் ஒன்றுதான். கே-ஸ்டார் என்ற உறவுக்கார மீசானோடு செய்த இணை அளவீடும் ஒன்றுக்கே வந்து நின்றது.

எட்டு ஆண்டு எதிர்பார்ப்பு ஒரே நாளில் அடங்கியது. இதை எல்எச்சிபியின் சறுக்கல் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடில்லை. வெளியிலிருந்து யாரும் அவர்கள் பிழையைப் பிடிக்கவில்லை. தங்களுக்குப் புகழ் கொண்டுவந்த எண்ணைத் தாங்களே தோண்டிப் பார்த்து, தாங்களே அறிவித்தார்கள். சிகாகோவில் சிதைவு இருந்தும் தென்படவில்லை. இங்கே விலகல் இல்லாமலே தென்பட்டது. எலெக்ட்ரானை எண்ணுவதில் உள்ள சிரமம் மட்டும் இரண்டிலும் மாறவில்லை.

இடையில் ஒரு சிறு பயணம், பையானின் கதவு விஷயத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்காக. பி-மீசானின் உறவான பி-எஸ் மீசான் இரண்டே மியூவான்களாக உடைவது, அதே கை முரண்பாட்டால் மேலும் நசுங்கி, நூறு கோடியில் மூன்றரை என்ற அளவுக்கு அரிதாகிறது. முப்பது ஆண்டு தேடினார்கள். எல்எச்சிபியும் அதே வளையத்தின் இன்னொரு சோதனையான சிஎம்எஸ்ஸும் தரவைச் சேர்த்து 2015-இல் நேச்சரில் வெளியிட்டன. கணிப்புக்கு அருகிலேயே இருந்தது. மீச்சீர்மை (சூப்பர்சிமெட்ரி) என்ற கோட்பாட்டின் பல வடிவங்கள் இதை நூறு மடங்குகூட ஆக்கியிருக்கும்; அவை அந்த ஒரே எண்ணில் அடிபட்டுப் போயின.

இப்போது ஜப்பான். டோக்கியோவுக்கு வடக்கே சுக்குபாவில் கேஇகே ஆய்வகம். மூன்று கிலோமீட்டர் வளையத்தில் 7 ஜிஇவி (ஒரு ஜிஇவி ஆயிரம் எம்இவி) எலெக்ட்ரானும் 4 ஜிஇவி பாசிட்ரானும் மோதுகின்றன. புரோட்டான் மோதலில் வரும் குப்பைக் கூளம் இங்கே கிடையாது. ஆற்றலைச் சரியாகத் திருகி வைத்தால் இரண்டு பி-மீசான்கள் பிறக்கும். அவற்றோடு வேறு எதுவும் வராது. மோதலைச் சுற்றி நிற்பது பெல் டூ என்ற கருவி. பி உடையும் இடத்தை அளக்க அதில் உள்ள சிலிக்கான் உணரியில் நான்காம் அடுக்கை மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் பொறுப்பேற்றுச் செய்தது. சென்னை ஐஐடி உட்படப் பல இந்திய நிறுவனங்களின் மாணவர்கள் அந்தத் தரவில் உழைக்கிறார்கள். சுக்குபாவுக்கு இரவு முறைக் காவலுக்குப் போய்வந்த பிள்ளைகள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள்.

பெல் டூ எடுத்துக்கொண்ட சிதைவு, பி உடைந்து ஒரு கே-மீசானும் இரண்டு நியூட்ரினோக்களும். நியூட்ரினோ எந்தக் கருவியிலும் படாது. ஆகக் கண்ணில் படுவது ஒரே ஒரு கே-மீசான். இதை எப்படி நம்புவது? பிறந்தவை இரண்டே பி என்பதால், மற்ற பி-யின் துண்டுகளை முழுக்கப் பொறுக்கி எடுத்து ஒதுக்கிவிட்டால், மிச்சம் இருப்பதெல்லாம் இந்த பி-யுடையது. மிச்சம் ஒரு கே-மீசானும், கணக்கில் வராத ஆற்றலும் என்றால், நியூட்ரினோ ஓடியிருக்கிறது என்று கொள்ளலாம். இது ஒரு முறை. மற்ற பி-யை முழுக்கக் கோராமல், நிகழ்வின் மொத்த வடிவத்தைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்துத் தேடுவது இன்னொரு முறை. இதில் அதிக நிகழ்வுகள் கிடைக்கும், பின்னணியும் அதிகம்.

2023-இல் அறிவித்தார்கள். சுமார் 38.7 கோடி பி இணைகளிலிருந்து கிடைத்த விடை, லட்சத்துக்கு 2.3, பிழை 0.7. கோட்பாடு சொல்வது லட்சத்துக்கு 0.56. இந்தச் சிதைவுக்கு முதல் சான்று கிடைத்தது. கணிப்பிலிருந்து விலகல் 2.7 சிக்மா. இரு முறைகளும் தனித்தனியே தந்த எண்கள் ஒன்றல்ல. இரண்டாம் முறை 2.7 என்கிறது, முதல் முறை 1.1, முதலாவதற்குப் பிழை பெரிது.

மூன்று தலைமுறை நியூட்ரினோக்களும் இந்த எண்ணில் சேர்ந்தே எண்ணப்படுகின்றன. எது எது என்று பிரிக்க முடியாது. எலெக்ட்ரானும் மியூவானும் சமம் என்று எல்எச்சிபி காட்டிவிட்டது. மூன்றாமவரான டாவ் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. 2012-இல் அமெரிக்காவின் பாபர் சோதனை தொடங்கிவைத்த இன்னொரு அளவீட்டு வரிசையில், பி-மீசான் டாவாக உடைவது கணிப்பைவிடச் சற்று அதிகமாகவே, இன்றளவும் மூன்று சிக்மா பக்கத்தில், நின்றுகொண்டிருக்கிறது. டாவ் மட்டும் தனியாக நடத்தப்படுகிறது என்றால், டாவின் நியூட்ரினோவும் இந்த எண்ணைத் தூக்கியிருக்கும்.

அல்லது, இந்த உபரிக்குக் காரணம் கே-லாங் என்ற துகளாக இருக்கலாம். இந்த நடுநிலை மீசான் கோடு போடாது; ஆற்றல் அளக்கும் படிகத்தில் சில சமயம் படும், சில சமயம் நழுவிப்போகும். நழுவினால் பார்ப்பதற்கு நியூட்ரினோ மாதிரியே இருக்கும். பெல் டூ குழு தன் ஆய்வில் அதிகம் மல்லுக்கட்டியவற்றுள் ஒன்று இந்தத் துகளோடு. படிகம் கே-லாங்கை எவ்வளவு தவறவிடுகிறது என்பதைத் தெரிந்த நிகழ்வுகளில் அளந்து, உருவகக் கணக்கைத் திருத்தி, டி-மீசானிலிருந்து கே-லாங் வரும் வழிகளைத் தனியே சரிபார்த்து, அதன் பிறகுதான் அதுவரை மறைத்து வைத்திருந்த விடையைப் பார்த்தார்கள். எண்ணின் புள்ளியியல் பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு மோதல்கள் வேண்டும். அதற்காகத்தான் சுக்குபா வளையம் 2024-இல் மீண்டும் ஓடத் தொடங்கியது. கே-லாங் பிழையைப் பாதியாக்க வெறும் மோதல்கள் போதாது. அதற்கு யாராவது உட்கார்ந்து, படிகம் படிகமாகப் பார்க்க வேண்டும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.